வாசகர் கேட்டவை: புத்தகம், புட்டு, நடை, பிரதேச சபை

கேள்வி: இடப்பெயர்வில் வீட்டிலிருந்த புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது பிள்ளைகள் பாடப்புத்தகத்தையும் கைப்பேசியையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. எங்கிருந்து மீண்டும் தொடங்குவது? எங்கள் மண்ணைப் பற்றிய நாவல் ஏதும் உண்டா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: 2009 வரை தொடர்ந்த இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் நனையாமல் காப்பதே வன்னிக் குடும்பங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது, புத்தக அலுமாரியைச் சுமந்து செல்ல எவராலும் முடியவில்லை. இழந்த அலுமாரியை ஒரேயடியாக நிரப்ப முயலாமல் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் கேட்டபடி நம் மண்ணின் நாவல் ஒன்று உண்டு: அ. பாலமனோகரன் எழுதி, 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்த ‘நிலக்கிளி’. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பே அதன் களம். காட்டையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த மனிதரின் கதை என்பதால், உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளை அதில் தான் நடந்த மண்ணையே அச்சில் காணும்.

அச்சுப் புத்தகங்கள் எளிதில் கிடைக்காத ஊர்களுக்கு, 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ இணையத்தளம் பெருந்துணை. ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி அங்கே இலவசமாக வாசிக்கத் தருகிறார்கள். பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பறிப்பதைவிட, அதே திரையில் தாத்தா காலத்துச் சஞ்சிகை ஒன்றைத் திறந்து காட்டுவது நல்லது என்பதே என் கருத்து.

சிறிய பிள்ளைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. நம் கோயில்களில் கந்தபுராணம் படிக்கையில் ஒருவர் செய்யுளைப் பாட, மற்றொருவர் அதன் பொருளை விளக்கிப் பயன் சொல்வார். அந்த முறையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளை ஒரு பந்தியை உரத்து வாசிக்கட்டும். அதில் வந்த ஊரையும் ஆளையும் பற்றி அம்மம்மா இரண்டு வார்த்தை சொல்லட்டும். அம்மம்மா பிழையாகச் சொன்னால் பிள்ளை மறுபடி அந்தப் பந்தியைப் பார்த்துத் திருத்தும். அப்போதுதான் வாசிப்புச் சூடுபிடிக்கும்.

கேள்வி: கணவருக்கு நீரிழிவு. கோதுமை மாவை நிறுத்திவிட்டு ஒவ்வோர் இரவும் குரக்கன் புட்டு அவிக்கிறேன். ஆனாலும் சீனியின் அளவு குறையவில்லை. பிள்ளைகளோ புட்டு இறுகிப்போய் இருக்கிறது என்று கோப்பையை ஒதுக்குகிறார்கள்.
வாசகி, வவுனியா

பதில்: குரக்கனை மருந்தாக எண்ணிப் பரிமாறுவது வன்னியில் பல வீடுகளில் நடக்கிறது. அது நல்ல தானியம்தான்; 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, நார்ச்சத்தும் தீட்டிய வெள்ளை அரிசியிலுள்ளதைவிட அதிகம். எனினும் அதே 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்தும் இருக்கிறது. நல்ல சாப்பாடுதானே என்று இரண்டு நீத்துப்பெட்டிப் புட்டை ஒருவரே சாப்பிட்டால், இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். முதலில் அளவைக் குறையுங்கள். கோப்பையில் பாதியை முருங்கை இலை வறை, முசுட்டை இலை வறை, கத்தரிக்காய், பாகற்காய் போன்றவை பிடிக்கட்டும். கால் பங்கில் குளத்து மீனோ பயறோ இருக்கட்டும். மீதிக் கால் பங்கே புட்டுக்கு உரியது. இரவில் புட்டோடு வாழைப்பழமும் சீனியும் பிசைந்து சாப்பிடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்தவேண்டும். கிளினிக்கில் தந்த மாத்திரையின் அளவை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் மாற்றவேண்டாம்.

இனிப் பிள்ளைகளின் முறைப்பாட்டுக்கு வருகிறேன், ஏனெனில் அது நியாயமானது. குரக்கன் மாவைத் தனியே குழைத்தால் அது பசைபோல் பிடித்துக்கொள்ளும். இரண்டு பங்கு குரக்கன் மாவுக்கு ஒரு பங்கு வறுத்த சிவப்பரிசி மாவைச் சேருங்கள். குரக்கன் மாவையும் மெல்லிய நெருப்பில் பச்சை வாசம் போகும்வரை வறுத்து ஆறவிடுங்கள். உப்புக் கரைத்த இளஞ்சூட்டு நீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கிளறவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி விழும். பிறகு அரிசி அளக்கும் சுண்டின் விளிம்பால் கொத்திக்கொண்டே வந்தால் மணிமணியாக உதிரும். ஒரு பிடி மாவை அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும்; விரலால் தட்டினால் உடையவேண்டும். அந்தப் பதத்தில் தேங்காய்ப்பூவும் நறுக்கிய முருங்கை இலையும் தூவி, நீத்துப்பெட்டியை அமுக்காமல் நிரப்பி அவித்தெடுங்கள். ஆறினால் இறுகிவிடும் என்பதால் இறக்கிய சூட்டோடு பரிமாறுங்கள்.

கேள்வி: கலியாண வீடுகளுக்குப் புத்தகம் பரிசளிக்க ஆசை. ஆனால் வாங்குபவர்கள் வாசிப்பதில்லையே?
வாசகர், பரந்தன்

பதில்: கொடுங்கள். கொடுக்குமுன் நீங்களே வாசித்து, உங்களுக்கு மிகவும் பிடித்த பக்கம் எது, ஏன் பிடித்தது என்று முதற்தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தப் பக்கத்தையாவது திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பத்துக் கிலோ குறைப்பதென்று தீர்மானிக்கிறேன், மாசியிலேயே விட்டுவிடுகிறேன். வயல் வேலை செய்பவளுக்கு உடற்பயிற்சி வேறு தேவையா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: வயல் வேலையும் கணக்கில் சேரும். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; வேலையில் செலவாகும் உழைப்பையும் அது சேர்த்தே எண்ணுகிறது. ஆனால் நம் வயல் வேலை பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. காலபோகத்து விதைப்பும் களை பிடுங்கலும் முடிந்து, அறுவடையை இயந்திரம் செய்துவிட்ட பின், உடல் சும்மா இருக்கும் மாதங்கள் நீளமானவை. சிறுபோகத்துக்கு நீர் கிடைக்காத காணிக்காரருக்கு இன்னும் நீளம். அந்த மாதங்களுக்கே நடை வேண்டும்.

பத்துக் கிலோ என்ற இலக்கைக் கைவிடுங்கள். உடல் எடையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே சீனியும் இரத்த அழுத்தமும் நன்மை காணும். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்கவேண்டும்; அதுதான் மிதமான வேகம். கிணற்றடியில் தண்ணீர்க் குடத்தோடு எழும் தொடையும் இடுப்பும் வலுவாயிருக்க, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி ஒன்றே ஆரம்பத்துக்குப் போதும். குளக்கட்டில் நடப்பவர்கள் நன்றாக விடிந்த பிறகே செல்லுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடங்களில் தனியே போகவேண்டாம். மாலையில் தெருவிளக்கில்லாத ஒழுங்கையில் பெண்கள் நடக்க அஞ்சுவதை நான் நன்கு அறிவேன். அதற்கு என்ன செய்யலாம் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் அரசியல் பேசினால் அண்ணனும் அப்பாவும் சண்டை பிடிக்கிறார்கள். எல்லாம் கொழும்பில் முடிவாகிறது. நாம் பேசி என்ன ஆகப்போகிறது?
வாசகர், மாங்குளம்

பதில்: கொழும்பைப் பற்றிப் பேசுவதனால்தான் சண்டை வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளதைப் பேசத் தொடங்குங்கள். தெருவிளக்கு, உள்ளூர் வீதி, சந்தை, பொது நூலகம் ஆகியவை பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளவை. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதே மாதம் நடக்கவேண்டிய தேர்தல் நிதியில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். விளக்கு எரியவில்லை என்று போய்க் கேட்பதற்கு வட்டாரத்தில் தெரிவான உறுப்பினரே இருக்கவில்லை. வட மாகாண சபையின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2013 இல் தெரிவான சபை 2018 ஒக்டோபரில் கலைந்த பின் நெடுங்காலம் தேர்தலே வைக்கப்படவில்லை. வாக்களிக்கும் உரிமையை இப்படித் தள்ளிப்போடுவதை நான் சிறிய விடயமாக நினைக்கவில்லை; உங்கள் அப்பாவும் அண்ணனும் எந்தக் கட்சியை ஆதரித்தாலும் இதில் ஒரே பக்கம் நிற்கலாம்.

இப்போது உறுப்பினர் இருக்கிறார். அவர் பதில் தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். உங்கள் வட்டாரத்துத் தெருவிளக்குகளுக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எத்தனை பொருத்தப்பட்டன, நூலகத்துக்குப் புதிய புத்தகம் வாங்க எவ்வளவு செலவானது என்று குறிப்பாகக் கேட்கவேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்படவேண்டும். மறுத்தால், அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அங்கும் தீராவிட்டால் தகவல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பத்தை அண்ணன் எழுத, அப்பா சபைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.