மெஷினைத் திட்டுகிறோம், 17சி-யைக் கேட்பதில்லை: ஓட்டு மோசடிக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், சில முறை எண்ணிக்கை மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தக் கட்சி ஏன் ஜெயித்தது என்று கேட்காதீர்கள். பூத்துக்குள் நடப்பதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

திண்டுக்கல்காரன்: எந்த பட்டனை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்கு விழுகிறது என்று வீடியோ வருகிறதே, நம்பலாமா சார்?

காலையில் வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாக் போல் நடக்கும். வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) சீட்டோடு சரிபார்த்து, அதையெல்லாம் அழித்துவிட்டு மெஷினுக்கு சீல் வைத்து, ஏஜென்ட்களிடம் கையெழுத்தும் வாங்குவோம். இதற்கு நேரத்துக்கு வந்த ஏஜென்ட் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு டீ குடித்துவிட்டு வருபவர்தான் கேட்பார். ஓட்டு போடும்போது நிஜமாகவே சின்னம் மாறி வந்தால் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம், ஏஜென்ட்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு போட வைப்பார்கள். சொன்னது பொய்யென்றால் வழக்கு வரும், அதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

மதுரைப் பக்கம்: தோற்றவன்தான் மெஷினைக் குறை சொல்வான். சரிதானே?

பாதி சரி. 2009-இல் தோற்றபோது சந்தேகம் கிளப்பியது பாஜக. அந்தக் கட்சியின் ஜி.வி.எல். நரசிம்ம ராவ் (முன்னாள் பிரதமர் இல்லை) அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார், அத்வானி முன்னுரை கொடுத்தார். இன்று அந்தக் கட்சி மெஷினைக் காப்பாற்றுகிறது, காங்கிரஸ் திட்டுகிறது. நம்ம ஊரில் 2001-இல் மெஷின் வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் போனது அதிமுக. வழக்கு நிற்கவில்லை. அந்தத் தேர்தலில் அதே மெஷினில் ஜெயித்து ஆட்சிக்கும் வந்தது, அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் தோற்றவன் சொன்னான் என்பதற்காகவே புகார் பொய்யாகிவிடாது. ஜெயித்தவன் எதற்குப் புகார் கொடுக்கப் போகிறான்?

சென்னை, ஐடி ஊழியர்: அப்படியானால் மெஷினில் தப்பே வராது என்கிறீர்களா?

வரும், பெரும்பாலும் மனிதன் கையால். ஹரியானாவில் பானிபட் மாவட்டத்து புவானா லாக்கு கிராமத்தில் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல். ஒரு பூத்தில் இரண்டு வேட்பாளர்களின் ஓட்டு மாற்றி எழுதப்பட்டு, தோற்றவர் ஜெயித்ததாக அறிவிப்பு வந்துவிட்டது. 2025-இல் உச்ச நீதிமன்றம் மெஷின்களை டெல்லிக்கே வரவழைத்து எண்ண வைத்தது. 1051-க்கு 1000 என்று முடிவு தலைகீழானது. மெஷின் ஒழுங்காகத்தான் எண்ணியிருந்தது.

உங்கள் துறைக்காரர்கள் கேட்க வேண்டியது வேறு: விவிபேட்டில் சின்னம் ஏற்ற வெளியிலிருந்து ஒரு கருவி வருகிறது, அதை எப்படிச் சோதிப்பது? நியாயமான கேள்வி. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணச் சொல்ல மறுத்தாலும், அந்தக் கருவியை சீல் வைத்து 45 நாள் வைத்திருக்கச் சொன்னது.

ஈரோடு: பழையபடி வாக்குச்சீட்டுக்கே போய்விட்டால் தொல்லை விட்டதே?

2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில்தான் நடந்தது. மொத்தம் 36 ஓட்டு. தேர்தல் நடத்திய அதிகாரியே எட்டுச் சீட்டில் பேனாவால் கிறுக்கிச் செல்லாததாக்கினார், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே! உச்ச நீதிமன்றம்தான் முடிவை மாற்றியது.

மும்பைத் தமிழன்: மகாராஷ்டிராவில் 2024 சட்டமன்றத் தேர்தலில் சாயங்காலம் 5 மணிக்கு 58.22 சதவீதம், கடைசியில் 66.05. ராத்திரியில் யார் வந்து போட்டார்கள்?

சாயங்காலச் சதவீதம் போனில் கேட்டு வாங்கும் உத்தேசக் கணக்கு. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுப்போம், அதையும் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னால் வருவோம், பின்னால் யாரும் நுழையக் கூடாது என்பதற்காக. கூட்டமான பூத்தில் இது முடிய ராத்திரி ஆகும்.

முடிந்ததும் 17சி படிவம். இந்த பூத்தில் மொத்தம் இத்தனை ஓட்டு, மெஷின் எண் இது, சீல் எண் இது என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் தர வேண்டும். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் மொத்தத்தை அதோடு ஒப்பிடலாம். ராத்திரியில் ஓட்டு சேர்த்தார்கள் என்பவர் எந்த பூத், 17சி-யில் எவ்வளவு, எண்ணும்போது எவ்வளவு என்று நீட்டினால் பேச்சு முடிந்தது. ஆனால் நகலை வாங்காமலே கட்சி வண்டியில் ஏறிப் போகும் ஏஜென்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேர்தல் ஆணையத்தையும் விட மாட்டேன். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கிற காகிதத்தை இணையத்தில் போட என்ன தயக்கம்? சிசிடிவி பதிவையும் வழக்கு இல்லையென்றால் 45 நாளில் அழித்துவிடலாம் என்று 2025-இல் சுருக்கிவிட்டார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்பவர்கள் இப்படி நடந்துகொண்டால் சந்தேகம் வளரத்தான் செய்யும்.

கோவை: ராகுல் காந்தி சொன்ன மகாதேவபுரா விஷயம் உண்மையா?

2025 ஆகஸ்டில் அவர் சொன்னது, பெங்களூரு மத்தியத் தொகுதியில் வரும் அந்த ஒரு சட்டமன்றப் பகுதியில் மட்டும் 1,00,250 போலி ஓட்டு என்று. 2024-இல் அந்த மக்களவைத் தொகுதியில் பாஜக ஜெயித்த வித்தியாசம் 32,707. பட்டியலில் ஒருவர் பெயர் இரண்டு முறை இருப்பது வேறு, இரண்டு முறை ஓட்டு விழுந்தது வேறு. இரண்டாவதைக் காட்ட 17ஏ என்கிற கையெழுத்துப் பதிவேடு வேண்டும், அது சீல் வைத்த உறையில் இருக்கிறது. சத்தியப் பிரமாணம் செய்து கொடுங்கள் என்று ஆணையம் கேட்டது நழுவல் என்றுதான் எனக்குப் படுகிறது. பட்டியல் அவர்களுடையது, சரிபார்க்க வேண்டியவர்களும் அவர்களே.

நெல்லை வாசகர்: ராதாபுரம் பற்றிச் சொல்லுங்கள்.

எங்கள் ஆசிரியர்கள் சம்பந்தப்பட்டதால் இது எனக்கு ஆறவே ஆறாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே திமுகவின் அப்பாவுவை அதிமுகவின் இன்பதுரை வென்ற வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டு 203. காரணம், தபால் ஓட்டோடு வைக்கும் உறுதிமொழிக்குச் சான்றளித்தவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். அப்பாவு வழக்குப் போட்டார். 45 நாளுக்குள் மனு, ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில்! எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றமே முடிந்துவிட்டது. இப்படி இழுத்தால் நியாயமான புகார்க்காரர்கூட கோர்ட்டுக்குப் போகாமல் மைக்கைத்தான் பிடிப்பார்.

பெயர் வேண்டாம்: என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

திரும்பி வந்திருக்கக் கூடாது. தலைமை அலுவலரிடம் அடையாள அட்டையைக் காட்டி டெண்டர் ஓட்டு கேளுங்கள், விதி 49பி (ஆங்கில P). மெஷினில் போட விட மாட்டார்கள், வாக்குச்சீட்டு தருவார்கள், அதைத் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. ஆனால் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கும், வித்தியாசம் ஒன்றிரண்டு என்று வந்து வழக்கு நடந்தால் நீதிபதி அந்த உறையைக் கேட்பார்.