ஏடிவி-யில் (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) புது பேட்டரியும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது, ஏன்?

இன்னொரு பேட்டரி வாங்காதீர்கள். கோளாறு அநேகமாக வண்டியில்தான். ஃபுல் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறதா பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13-ஐயே தாண்டவில்லையென்றால் ஸ்டேட்டர் (இன்ஜினில் மின்சாரம் தயாரிக்கும் சுருள்), ரெகுலேட்டர் (அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்புவது), கனெக்டர்களைப் பாருங்கள்.

சார்ஜிங் சரியென்றால் மின்கசிவு, அதாவது வண்டி நிற்கும்போதும் எங்கோ கரண்ட் வடிகிறது. சாவியை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, 10 ஆம்பியரில் வைத்த மீட்டரை வயருக்கும் முனைக்கும் நடுவே இணையுங்கள். அந்நேரம் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மீட்டர் ஃபியூஸ் காலி! சில மில்லிஆம்பியர் சகஜம். 12 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு நாளில் தீர 250 மில்லிஆம்பியராவது கசிய வேண்டும், மீட்டரில் பளிச்சென்று தெரியும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் ரீடிங் குறைகிறதோ, கசிவு அந்த லைனில்தான். எதிலும் குறையாவிட்டால், பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்), கூடுதல் லைட் வயர்களைக் கழற்றிப் பாருங்கள். பிறகு ரெகுலேட்டர் சாக்கெட்டையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு போனால், வண்டி நிற்கும்போதும் கரண்ட் பின்னோக்கி ஓடலாம்.