தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டால் எங்கள் ஊருக்கு ரயில்கள் கூடுமா?

அதனால் மட்டும் ரயில்கள் கூடிவிடாது. நாட்டின் அகலப்பாதை (பிராட்கேஜ்) முழுவதையும் 2021-22-க்குள் மின்மயமாக்க 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பாக்கி இருந்தது 13,675 கிலோமீட்டர். கெடு தவறினாலும் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது.

இதில் கைமேல் கிடைக்கும் லாபம், பாதி வழியில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் எஞ்சின் மாற்றும் வேலை மிச்சமாவதுதான். ஜங்ஷனில் வண்டி சும்மா நிற்கும் நேரம் குறையும். டீசல் செலவும் குறையும். மின்சார எஞ்சின் சட்டென்று வேகமெடுப்பதால், அடிக்கடி நின்று போகும் பாசஞ்சர் வண்டிக்கு அது நல்லது.

ஆனால் உங்கள் ஊர் வழியாகப் போவது ஒற்றைப் பாதை என்றால், எதிரே வரும் வண்டிக்காகக் கிராசிங்கில் காத்துக் கிடப்பதை மின்கம்பி தீர்க்காது. அதற்கு இரட்டைப் பாதை வேண்டும். அப்புறம் கூடுதல் பெட்டிகள், நடைமேடைகள், பராமரிப்பு இடம் எல்லாம் வேண்டும்.

திட்டம் அறிவித்ததும் ரயில் வந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். அகலப்பாதை பணிக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயில், தேனிக்குத் திரும்பியது 2022-இல்; போடிக்கு 2023-இல்தான்.