கிட்டே போனால் படம் நன்றாக வருமா?

வணக்கம்.

கொஞ்ச காலமாகப் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன், பெரும்பாலும் சிறிய பாடும் பறவைகள். காய்ந்த கிளையின் உச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த ஆண் குண்டுகரிச்சான் ஒன்றின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நண்பர்களிடம் காட்டியபோது, "பறவை நட்டநடுவில் இருக்கிறது", "ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது, இன்னும் கிட்டே போயிருக்கலாம்", "முன்னால் மங்கலாக ஒரு இலை உறுத்துகிறது, எடிட்டிங்கில் எடுத்துவிடுங்கள்" என்றார்கள். அன்றைக்கே இன்னொருவர் காட்டிய தேன்சிட்டுப் படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். வழுவழுப்பான பச்சைப் பின்னணி, ஃபிரேம் நிறையப் பறவை. எனக்கென்னவோ என் படம்தான் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு பறவைப் படத்தை எதை வைத்து நல்லது, சுமார் என்று சொல்வது? நான் அடுத்தவர் படத்துக்குக் கருத்து சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

(பெயர் வேண்டாமே.)

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். நண்பர்கள் சொன்ன மூன்றுமே இந்தப் படத்தின் குறைகளாக எனக்குப் படவில்லை. ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. குண்டுகரிச்சானின் அலகு கறுப்பு. உங்கள் படத்தில் திறந்த அலகுக்கு நேர் பின்னால் இருண்ட இலைக்கொத்து ஒன்று வந்து நிற்கிறது. மேல் அலகும் கீழ் அலகும் அதற்குள் கரைந்துவிட்டன. தொண்டை புடைத்திருப்பதை உற்றுப் பார்த்த பிறகுதான் பறவை பாடுகிறது என்றே பிடிபடுகிறது. நீங்கள் அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அலகுக்குப் பின்னால் வெளிச்சமான இடைவெளி வந்திருக்கும்.

இது ஏன் மற்றவர்கள் கண்ணில் படவில்லை? பறவை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது, பின்னணி சுத்தமா என்று அவர்கள் வரிசையாகச் சரிபார்த்திருக்கிறார்கள். பறவை என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. நான் எந்தப் பறவைப் படத்தைப் பார்த்தாலும் அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்வேன். பாடுகிறதா, இரை தேடுகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா? அது படத்தில் தெரிகிறதா? தெரியாமல் எது தடுக்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான் மற்ற விதிகளுக்கு வேலை.

"கிட்டே போயிருக்கலாம்" என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பறவைப் படங்களுக்கு அதிகம் சொல்லப்படும் அறிவுரை அதுதான். பாடும் ஆண் பறவை பெரும்பாலும் உயரமான, நாலு பக்கமும் கேட்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கும். அது உங்கள் கேமராவைவிட 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டமாக 8 மீட்டர் தூரத்தில் நின்றால் லென்ஸை கிட்டத்தட்ட 37 டிகிரி அண்ணாந்து பிடிக்க வேண்டும். வயிறும் தாடையும் வெளிறிய வானமும்தான் கிடைக்கும். 25 மீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கினால் அதே கோணம் 14 டிகிரிக்கும் கீழே வந்துவிடும். பறவை கிட்டத்தட்ட கண்மட்டத்துக்கு வரும். பின்னாலும் வெறும் வானத்துக்குப் பதிலாகத் தூரத்து மரங்கள் வர வாய்ப்பு உண்டு. பறவை சிறிதாகும், உண்மைதான். உயரத்தில் பாடும் பறவைக்கு நான் தயங்காமல் அந்த விலையைக் கொடுப்பேன். நீங்களும் விலகி நின்றுதான் எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் அந்த உச்சிக் கிளை முழுவதும், அதில் பறவை நிமிர்ந்து நிற்கும் தோரணையும் படத்துக்குள் வந்திருக்கின்றன. உங்களுக்குப் படம் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தலையின் கோணத்திலும் இப்படி ஒரு முரண் உண்டு. பறவையின் தலை லேசாகக் கேமரா பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கண்ணில் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும் என்பார்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது நல்ல விதி. பாடும் பறவைக்கு முழுப் பக்கவாட்டுத் தோற்றமே பல நேரம் மேல், அப்போதுதான் அலகு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். நேராக நம்மைப் பார்த்துப் பாடினால் அந்த விரிவு சுருங்கிப்போகும். அப்புறம், வாய் திறந்திருப்பதெல்லாம் பாட்டும் இல்லை. வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும் பறவையும், எதிரியை மிரட்டும் பறவையும் அலகைத் திறந்துதான் வைத்திருக்கும். பாட்டு என்றால் தொண்டை இறகுகள் சிலிர்த்துப் புடைக்கும், பல பறவைகளில் உடம்பே நிமிரும். பல பாடும் பறவைகள் உச்ச ஸ்வரத்துக்கு அலகை அதிகம் விரிக்கும், கீழ் ஸ்வரத்தில் சுருக்கும். அதனால் ஒரே பாட்டுக்குள் தொடர்ச்சியாக எடுத்த படங்களில்கூட ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். 1/1000 வினாடி ஷட்டர் வேகத்தில் பொறுமையாக எடுத்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதுதான் வழி.

நடுவில் இருப்பது? பறவை வலப்பக்கம் பார்த்துப் பாடுவதால் அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் கூட்டலாம். இடப்பக்க ஓரத்தை லேசாக வெட்டினால் (க்ராப் செய்தால்) போதும். அந்த மங்கலான இலை முகத்தையோ அலகையோ காலையோ தொடவே இல்லை. இருக்கட்டும். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த பறவையில் இறக்கையின் வெள்ளைப் பட்டை வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) வைப்பது சுலபமில்லை, அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இலையை எடிட்டிங்கில் அழிப்பது பற்றி: இயற்கைப் பிரிவுப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் கூடாது. ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி, அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான எஃப்ஐஏபி மூன்றும் சேர்ந்து வகுத்த வரையறை 2015-இல் நடைமுறைக்கு வந்தது. க்ராப் செய்வதைத் தவிர, படத்தில் இருப்பதை நீக்குவதையும் இல்லாததைச் சேர்ப்பதையும் அது அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் விருப்பம்.

தேன்சிட்டுப் படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இறகின் மினுமினுப்பைக் காட்டுவதற்கு அந்த நெருக்கமும் அந்தப் பின்னணியும் தேவைதான். எல்லாப் படங்களையும் அந்த ஒரு அச்சில் அளக்க ஆரம்பிக்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது.

அடுத்தவர் படத்துக்குக் கருத்து சொல்லும்போது முதலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். "பாட்டின் நடுவில் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் தலைக்குப் பின்னால் ஒரு கிளை கொம்பு முளைத்த மாதிரி வருகிறது" என்றால் எடுத்தவருக்கு அது உதவும். களத்தில் திருத்தியிருக்கக்கூடியதையும் கணினியில் திருத்தக்கூடியதையும் பிரித்துச் சொல்லுங்கள். எப்படி எடுத்தீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைத்த பறவை, தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடுவதையும் துணையைக் காப்பதையும் விட்டுவிட்டு வருகிறது. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம் என்றால், நாம் அங்கே நின்ற நேரம் முழுவதும் குஞ்சுகளுக்கு இரை வராமல் போயிருக்கலாம். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படி எடுத்ததை நான் பாராட்டுவதில்லை, பாராட்டாததற்கான காரணத்தையும் எடுத்தவரிடமே சொல்லிவிடுவேன்.

குண்டுகரிச்சானைத் தொடர்ச்சியாகத்தான் எடுத்திருப்பீர்கள். மீதிப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். காற்றில் இலைக்கொத்து விலகியோ பறவை தலையைத் திருப்பியோ அலகுக்குப் பின்னால் வெளிச்சம் வந்த ஒரு படம் அதில் இருக்கலாம். மற்றதெல்லாம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.