பொம்மையைத் தூக்கிப் போடும் முன் அதன் உள்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள், அக்கா

திருமங்கலத்திலிருந்து வந்த அக்காவுக்கு,

சனிக்கிழமை படிப்பு ஆலோசனைக்காக நீங்களும் பையனும் என்னிடம் வந்துபோன பிறகு அவன் நினைப்பாகவே இருக்கிறது. வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன், அது மனசுக்கு உறுத்தலாக இருந்தது. உங்களைப் போலவே கவலையோடு மாதத்துக்கு நாலைந்து பெற்றோராவது வருகிறார்கள், அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை.

நீங்கள் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பத்தாவது முடிச்ச பையன் சார், இன்னும் பொம்மை வச்சு விளையாடுறான்." மஞ்சப்பைக்குள் துண்டில் சுற்றி ஒரு ரோபோவை எடுத்து மேசையில் வைத்தீர்கள். இதையெல்லாம் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடுவேன் என்று மில் நடத்துகிற அண்ணன், அதாவது பையனின் அப்பா, சொன்னதாகவும் சொன்னீர்கள். பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது நான் அந்த ரோபோவைக் கையில் எடுத்து, இது எந்த அளவு என்று மட்டும் கேட்டேன். "நூத்து நாப்பத்து நாலில் ஒண்ணு சார். கதையில் இது 18 மீட்டர் உயரம், அதை 144 ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஸ்கேல் வச்சுப் பாருங்க" என்றான். கணக்கில் 61 மார்க் வாங்கினான் என்று நீங்கள் வருத்தப்பட்ட அதே பையன்தான். அப்புறம் தோள் பகுதியைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பட்டாணியில் பாதி அளவுக்குச் சின்னச் சின்ன வட்டத் தடங்கள் இருந்தன. "எல்லாப் பாகத்திலும் இந்த வட்டம் இருக்கு சார், ஆனா உள்பக்கம் மட்டும்தான் இருக்கு, வெளிப்பக்கம் ஒண்ணுகூட இல்ல, அது ஏன்?" என்று கேட்டான்.

அக்கா, அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி நிரப்பி, ஆறியதும் அச்சைத் திறந்தால் பாகம் தானாக வெளியே வந்துவிடாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து எஃகுக் கம்பிகள் வந்து அதை வெளியே தள்ள வேண்டும். அந்தக் கம்பி முனை பட்ட தடம்தான் அந்த வட்டம். அது கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து விழும்படி ஒருவர் உட்கார்ந்து யோசித்து அச்சை வடிவமைத்திருக்கிறார். மோல்டு டிசைன் படிக்கிற பிள்ளைகள் கல்லூரியில் போய்ப் படிப்பதை இவன் வீட்டில் தரையில் உட்கார்ந்து தானாகவே கவனித்துக் கேட்கிறான். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் தேடுவதே இந்தக் கண்ணைத்தான்.

அந்த ரோபோவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், அண்ணனிடம் சொல்ல உதவும். ஜப்பானில் 1979இல் டிவியில் வந்த 'கண்டம்' (Gundam) என்கிற தொடரில் வரும் இயந்திரம் அது. 1980 ஜூலையில் பண்டாய் கம்பெனி முதல் மாடலை 300 யென்னுக்கு விற்றது. அன்றிலிருந்து இன்றுவரை விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவர்கள் பல பேர் வேலை முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து செய்கிற விஷயம் இது. பாகங்கள் எல்லாம் ஒட்டியபடி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு பாகமாக வெட்டி, பிசிறு எடுத்து, உப்புத்தாள் போட்டு, பசை இல்லாமலே ஒன்றோடொன்று பொருத்துவது. பசை இல்லாமல் நூற்றுக்கணக்கான பாகங்கள் இறுக்கமாக உட்கார்ந்து, கை கால் ஆட்டினாலும் கழறாமல் நிற்கிறது என்றால் அந்த அச்சு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று மில் நடத்துகிற அண்ணனுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே என்னுடைய ஒரு தவறையும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு அப்பா இதே மாதிரி ஒரு பையனைக் கூட்டிவந்தார். அவன் தீக்குச்சியிலும் அட்டையிலும் பஸ் செய்வான், டவுன் பஸ், ரூட் பஸ், கண்ணாடி வைப்பர் உட்பட. நான் ஒன்றையும் விசாரிக்காமல், ப்ளஸ் டூ முடிகிற வரைக்கும் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போட்டார்கள். மார்க் ஒன்றும் ஏறவில்லை. பையன் அதற்குப் பிறகு எதையும் செய்யவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அன்று அவனிடம் அந்த பஸ்ஸின் கதவு எப்படித் திறக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அதிலிருந்து யார் வந்தாலும் செய்த பொருளைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேம், பொம்மை, மாடல் என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கெட்ட பழக்கம்" என்று சொன்னீர்கள். மூன்றும் மூன்று விதம். விளையாடுவது, வாங்கிச் சேர்ப்பது, செய்வது. பையன் எதில் அதிக நேரம் இருக்கிறான் என்று பத்து நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், திட்டாமல் குறிக்க வேண்டும்.

விளையாட்டைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஆறு மணி நேரம் கேம் ஆடுகிறவனுக்கு கேம் செய்யத் தெரியும் என்று அர்த்தம் இல்லை, தினமும் ஓட்டலில் சாப்பிடுகிறவனுக்கு சமைக்கத் தெரியும் என்று சொல்ல முடியாதது மாதிரிதான். கேம் துறைக்குப் போகணும் என்று பையன் சொன்னால் கோடாட் என்று ஒன்று இருக்கிறது, கேம் உருவாக்குவதற்கான மென்பொருள், காசு கிடையாது. பிளெண்டர் என்று இன்னொன்று, முப்பரிமாண உருவங்கள் செய்ய, அதுவும் இலவசம். இந்த லீவில் ஒரு பந்து சுவரில் பட்டுத் திரும்புகிற அளவுக்கு ஒரு சின்ன ஆட்டம் செய்து காட்டு என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் புரோகிராம் ஓடாமல் முரண்டு பிடிக்கும்போது உட்கார்ந்து நோண்டுகிறானா, மூடிவைத்துவிட்டு மறுபடி ஆடப் போகிறானா என்று பாருங்கள். உங்களுக்கும் அவனுக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

தூக்கம் கெடுகிறது, சாப்பாட்டுக்கு எழுந்து வருவதில்லை, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான், ஆட்டத்தை நிறுத்த அவனாலேயே முடியவில்லை, இப்படி மாதக்கணக்கில் நீடித்தால் அது என் மேசைக்கு வர வேண்டிய விஷயம் இல்லை, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனமே இதை ஒரு கோளாறாகத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆன்லைனில் பணம் வைத்து ஆடுகிற ரம்மி மாதிரி ஆட்டங்கள் தனிக் கதை, 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டு அவற்றைத் தடை செய்துவிட்டது. உங்கள் போனில் பணம் போன கணக்கை வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் பையனிடம் இந்த இரண்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ராத்திரி பதினோரு மணிக்குத் தூங்கிவிடுகிறான் என்று நீங்களே சொன்னீர்கள்.

வாங்கிச் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள், எந்தப் பெட்டி என்ன விலை என்று அவன் கையாலேயே எழுதி வைக்கட்டும். வாங்கிய பெட்டியைப் பிரித்துச் செய்து முடிக்காமல் அடுத்தது கிடையாது என்று ஒரு விதி போதும்.

செய்வது, அதில்தான் உங்கள் பையன் இருக்கிறான்.

பாகத்தை எப்படி வெட்டுகிறாய் என்று கேட்டேன். ஒரே வெட்டில் எடுக்க மாட்டானாம். முதலில் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்தை ஒட்டி ஒரு வெட்டு, அதற்கும் மேல் உப்புத்தாள் 400, 800, 1000 நம்பர் என்று நைசாகிக்கொண்டே வரிசையாக. நேராக ஒட்டி வெட்டினால் அழுத்தம் தாங்காமல் பிளாஸ்டிக் வெளுத்துவிடும், அந்த வெள்ளைத் தழும்பு போகாது என்றான். முழங்காலில் அப்படி ஒரு தழும்பு இருந்தது, அது அவன் செய்த முதல் பாகமாம், மாற்றாமல் வைத்திருக்கிறான். வேலை கற்றுக்கொண்டு வருகிறவனின் பேச்சு இது, அக்கா.

இந்தக் கைக்கு என்ன படிப்பு என்றால், முதலில் நம்ம மதுரையிலேயே இருப்பதைச் சொல்கிறேன். சிப்பெட் என்று பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனம், 1968இல் சென்னையில் தொடங்கியது, மதுரையிலும் மையம் இருக்கிறது. பத்தாவது முடித்தவர்களுக்கு பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ அவர்களிடம் உண்டு. பையன் கேட்ட வட்டத்துக்கு முழு விடை அந்தப் படிப்பில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள், இந்த வருடம் மதுரையில் என்னென்ன படிப்பு, எவ்வளவு கட்டணம், எப்போது கடைசித் தேதி என்று நேரில் போய் விசாரித்துவிடுங்கள், யாரோ சொன்னார்கள் என்று இருக்க வேண்டாம். ஐடிஐயில் டூல் அண்ட் டை மேக்கர் என்று, கருவியும் அச்சும் செய்யக் கற்றுத்தருகிற இரண்டு வருடப் பிரிவு இருக்கிறது, கே.புதூர் அரசு ஐடிஐயில் போய் அது எங்கெங்கே நடக்கிறது என்று கேளுங்கள். டிப்ளமோ என்றால் அதோடு முடிந்தது என்று அண்ணன் நினைப்பது சரியில்லை. டிப்ளமோ முடித்தவர்கள் நேராக பிஇ இரண்டாம் வருடத்தில் சேரலாம், அதற்குத் தனியாகக் கலந்தாய்வே நடக்கிறது.

ப்ளஸ் டூ படிக்கட்டும் என்று முடிவெடுத்தால் கணிதம் உள்ள குரூப்பாக இருக்கட்டும், பிஇ வழி திறந்திருக்கும். ஆனால் டிசைன் படிப்புக்கு எந்த குரூப்பும் ஆகும், இது பல பேருக்குத் தெரிவதில்லை. ஐஐடிகளில் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டத்துக்கு யூசீட் என்று ஒரு தேர்வு, ஐஐடி பம்பாய் நடத்துகிறது, ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம், அதில் வரைவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கிய தேசிய டிசைன் நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. அந்த நிறுவனத்தின் முதுகலையில் பொம்மை மற்றும் விளையாட்டு வடிவமைப்பு என்றே ஒரு படிப்பு இருக்கிறது, அதை அண்ணனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். போட்டி கடுமைதான், இடம் குறைவுதான், அதை மறைக்கவில்லை. அதனால்தான் சிப்பெட்டை முதலில் சொன்னேன்.

துல்லியமான கைக்கு வேறு இடங்களும் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்த ஆரோலேப் 1992இலிருந்து மதுரையில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் செய்கிறது. அந்த லென்ஸின் பார்வைப் பகுதி ஆறு மில்லிமீட்டர்தான் இருக்கும். பல் செட் செய்கிற டென்டல் மெக்கானிக் படிப்பு, ப்ளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு இரண்டு வருட டிப்ளமோ. சின்னச் சின்ன உருவங்களுக்கு நுனி பிரஷ்ஷில் கண் வரைந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையை நான் அந்தப் படிப்புக்கு அனுப்பினேன், இன்றைக்குப் பல் நிறத்துக்குச் சாயல் சேர்ப்பதில் அவள்தான் வேலை பார்க்கிற லேபில் கெட்டிக்காரி என்று சொல்கிறார்கள்.

இந்த லீவில் மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, பசுமலை தாண்டி விளாச்சேரிக்குக் கூட்டிப்போங்கள். கொலு பொம்மை செய்கிறவர்கள் அச்சின் இரண்டு பாதியிலும் மண்ணை அழுத்தி, சேர்த்து, பிரித்து எடுத்த பிறகு நடுவில் ஒரு கோடு ஓடும், அதை ஈரக் கையால் தேய்த்து மறைப்பார்கள். அந்தக் கோடு இவனுடைய ரோபோவின் காலிலும் இருக்கிறது. அதை அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். இரண்டாவது, அண்ணனுக்குத் தெரிந்த லேத் பட்டறையில் ஒரு வாரம் நிற்கட்டும், வேலைக்கு இல்லை, பார்க்க மட்டும். எண்ணெயும் சத்தமும் பிடிக்கிறதா என்று அவனுக்கே தெரியும். பிடிக்கவில்லை என்றால் டிசைன் பக்கம் யோசிப்போம். மூன்றாவது, உங்கள் வீட்டு மிக்சியில் உடைந்துபோன குமிழ் இருப்பதாகச் சொன்னீர்களே, நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிக் கொடுத்து அதை அளந்து முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படமாக வரையச் சொல்லுங்கள். உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைக்கட்டும், சொதப்பியதையும் சேர்த்து. நாளைக்கு நேர்முகத் தேர்வில் மார்க் ஷீட்டுக்கு அடுத்தபடியாக அதைத்தான் விரித்து வைக்கப்போகிறான்.

ஒன்று மறந்துவிட்டேன், ஸ்பிரே அடிக்கிறான் என்றால் ரூமுக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு அடிக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மில்லை ஒரு மணி நேரம் யாராவது பார்த்துக்கொள்ளட்டும். பாகங்களை வெட்டி எடுத்த பிறகு குப்பையில் போடுகிற அந்தக் காலிச் சட்டம் இரண்டு மூன்றையும் பையனை எடுத்துவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் எந்த வழியாக உள்ளே ஓடி எந்தப் பாகத்தை முதலில் நிரப்பியிருக்கும் என்று அவன் விரல் வைத்து அப்பாவுக்குக் காட்டட்டும், நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.