பல வருஷத்துக்கு முன் காணாமல் போனவரைச் சட்டம் எப்போது இறந்தவராகக் கருதும்?

உயிரோடு இருந்தால் சேதி சொல்லியிருப்பார் என்று எண்ணத்தக்க சொந்தபந்தம் யாருமே 7 ஆண்டுகளாக ஒருவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை என்றால், நீதிமன்றம் அவரை இறந்தவராகக் கருதலாம். இதற்கு மரண அனுமானம் என்று பெயர். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 111.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. பாம்பன், மண்டபம் பக்கம் படகோடு போய்த் திரும்பாதவர்கள் கதையும் அதுதான். உடல் இல்லை என்பதற்காகப் பட்டா அவர் பெயரிலேயே கிடக்க, பேங்க் கணக்கு முடங்க, மனைவி எத்தனை காலம் தாலுகா ஆபீஸ் படியேறுவது?

பெட்டிக்கடை நோட்டில் உங்கள் பெயரில் பாக்கி இருந்தால், கொடுத்துவிட்டேன் என்று நீங்கள்தானே காட்ட வேண்டும்? அதே மாதிரி, 7 ஆண்டு கடந்தபின் ‘உயிரோடு இருக்கிறார்’ என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் தானாக வீடு தேடி வராது. பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். காணாமல் போனபோதே போலீசில் கொடுத்த புகாரின் நகல் அங்கேதான் கைகொடுக்கும்.

காணாமல் போன நாளே இறந்த நாள் என்று நினைத்துப் பலர் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்திவிடுகிறார்கள். இறந்த தேதியை இந்த அனுமானம் சொல்வதில்லை, கோர்ட் முடிவு வருவதற்குள் பாலிசி காலாவதியானால் பணம் கிடைப்பது கஷ்டம்.