490 டொலரைக் கட்டினால் முடிந்துவிடுமா? ஸ்கூல் பஸ் ரிக்கெற்றும் ஜி2 லைசன்ஸும்

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். பி.எஸ்.டபிள்யூ வேலை (முதியோரையும் நோயாளிகளையும் பராமரிப்பது), வீடு வீடாகக் கார் ஓடித்தான் போக வேண்டும். ஜி2 லைசன்ஸ்தான் (முழு ஜி லைசன்ஸுக்கு முந்தைய படி) வைத்திருக்கிறேன், கார் அண்ணாவின் பெயரில் இருக்கிறது. போன கிழமை காலை எதிர்ப்பக்கத்தில் ஒரு ஸ்கூல் பஸ் சிவப்பு லைட் போட்டு நின்றது. நடுவில் இடப்பக்கம் திரும்பும் லேன் இருந்ததால் நான் நிற்கத் தேவையில்லை என்று நினைத்துப் போய்விட்டேன். கொஞ்சம் தள்ளிப் பொலிஸ் மறித்து, 175(11) என்று எழுதி 490 டொலர் ரிக்கெற் தந்தார். கட்டிவிட்டால் முடிந்துவிடுமா? அண்ணா, தான் ஓடியதாகச் சொல்லலாம் என்கிறார். என் பி.ஆருக்கு (நிரந்தர வதிவிட உரிமைக்கு) ஏதும் பிரச்சினை வருமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தக் காசைக் கட்டாதீர்கள். ரிக்கெற்றுக்குக் காசு கட்டுவது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றுதான் பொருள். கட்டிய உடனே உங்கள் பெயரில் குற்றத்தீர்ப்புப் பதிவாகிவிடும். பிறகு "எனக்குத் தெரியாது" என்று திரும்பிப் போவது மிகவும் சிரமம்.

490 டொலர் இதில் சின்ன விஷயம். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 175ஆம் பிரிவில் குற்றவாளி என்றானால் 6 டிமெரிட் புள்ளிகள் (சாரதிப் பதிவில் ஏறும் தவறுப் புள்ளிகள்) ஏறும். முழு ஜி லைசன்ஸ் உள்ளவருக்கு இந்த ஒரு தவறால் எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேல் பெரிதாக வராது. உங்களுக்கு அப்படி இல்லை. ஜி1, ஜி2 சாரதிகள் 4 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ள ஒரு குற்றத்தில் தீர்ப்பானால் முதல் தடவையே 30 நாள் லைசன்ஸ் நிறுத்தப்படும். இரண்டாம் தடவை 90 நாள். மூன்றாவது என்றால் லைசன்ஸே ரத்து, எல்லாம் முதலில் இருந்து. இதை நீதிமன்றம் அறிவிப்பதில்லை, ரிக்கெற்றிலும் எழுதியிருக்காது. காசு கட்டிய பிறகு போக்குவரத்து அமைச்சிலிருந்து கடிதம் வரும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. கார் இல்லாமல் உங்கள் வேலை ஒரு மாதம் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு காப்புறுதி. தீர்ப்பு உங்கள் சாரதிப் பதிவில் 3 வருடம் நிற்கும். பல நிறுவனங்கள் இதைச் சாதாரண வேக ரிக்கெற் போலப் பார்ப்பதில்லை, கடும் குற்றமாகவே எடுக்கின்றன.

அடுத்தது அந்த நடு லேன். எதிர்ப்பக்கத்தில் வருபவர் நிற்கத் தேவையில்லை என்று சட்டம் சொல்வது ஒரேயொரு நிலையில்தான்: வீதியை இரண்டாகப் பிரிக்கிற தடுப்பு இருக்க வேண்டும். கொங்கிரீட் திட்டு, உயர்ந்தோ தாழ்ந்தோ வாகனம் குறுக்கே போக முடியாதபடி அமைத்த நிலம் இப்படி ஏதாவது. நிலத்தில் மஞ்சள் கோடு போட்ட திரும்பும் லேன் தடுப்பு ஆகாது. ஐந்து லேன் வீதியானாலும் இரண்டு பக்கமும் நிற்கத்தான் வேண்டும். பின்னால் வருபவருக்கோ தடுப்பு இருந்தாலும் விலக்கில்லை. பஸ்ஸுக்குக் குறைந்தது 20 மீற்றர் பின்னால் நிற்க வேண்டும்.

இந்தச் சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளை பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி வீதியைக் கடக்கும். பஸ்ஸின் முகப்பு அந்தப் பிள்ளையை மறைக்கும். நாங்கள் வளர்ந்த ஊரில் பள்ளிக்கூட வான் நின்றால் விலத்திக்கொண்டு போவதுதான் பழக்கம். புதிதாக வந்த எங்கள் ஆட்கள் இங்கே அதிகம் தடுமாறுவது இதில்தான். ஆனால் சட்டம் தெரியாது என்பதை நீதிமன்றம் சாட்டாக ஏற்காது. ஆகவே எதிர்வாதத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

எதிர்வாதம் வேறு இடத்தில் இருக்கலாம். பெரிய சந்தியை நெருங்கும்போது திரும்பும் லேன் முடிந்து கொங்கிரீட் திட்டு தொடங்குவது வழக்கம். உங்கள் பஸ் எந்த இடத்தில் நின்றது? திட்டு இருந்த பகுதியில் நின்றிருந்தால், எதிர்ப்பக்கத்தில் வருபவர் நிற்க வேண்டும் என்கிற 175(11) உங்களுக்குப் பொருந்தாது. அதே நேரத்துக்கு அங்கே போய், பாதுகாப்பாக நிறுத்திவிட்டு, பஸ் தரிப்பிடத்தையும் நடுவையும் படம் எடுங்கள்.

லைட்டின் நிறமும் முக்கியம். 2022 ஜூலை 1 முதல் ஒன்ராறியோ ஸ்கூல் பஸ்களில் நிற்கப் போகும்போது மஞ்சள், நின்ற பிறகு சிவப்பு. பஸ் நின்று, மேலே உள்ள சிவப்பு லைட் மின்னும்போது கடந்தால்தான் குற்றம். பக்கத்தில் விரிகிற 'ஸ்டொப்' பலகையை விட அந்த லைட்தான் சட்டத்தில் எழுதியிருப்பது. சிவப்பு என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடந்த வினாடியிலும் சிவப்பா, கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது சிவப்பா? உண்மையாக நினைவில் உள்ளதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் ரிக்கெற் செல்லாது என்று யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட பிழைகளை நீதிமன்றம் திருத்திக்கொள்ளலாம்.

அண்ணா சொன்னதைச் செய்யவே கூடாது. பொலிஸ் உங்களை மறித்து, உங்கள் லைசன்ஸைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். வாகன உரிமையாளருக்கு, புள்ளி இல்லாமல், தண்டம் போகும் முறை ஒன்று இருக்கிறது. சாரதி யார் என்று தெரியாதபோதும், பஸ்ஸின் கமராவில் பிடிபட்டபோதும் வருவது அது. உங்கள் வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணா பொய் சொன்னால் நீதிக்கு இடையூறு செய்தார் என்று இரண்டு பேருமே குற்றவியல் சட்டத்தில் மாட்டலாம். உங்கள் பி.ஆருக்கு உண்மையில் ஆபத்தாவது அப்படி ஒன்றுதான். இந்த ரிக்கெற் மாகாணக் குற்றம். இதனால் குற்றவியல் பதிவு வராது, இதற்காக பி.ஆரும் போகாது. அந்தப் பயத்தை விடுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. ரிக்கெற் தந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். அரசதரப்பு வழக்குரைஞரை முதலில் சந்தித்துப் பேசும் வழியும், நேரே விசாரணை கேட்கும் வழியும் இருக்கின்றன. உங்களுக்கு முதலாவது பொருத்தம். முடிந்தால் அந்தச் சந்திப்புக்கு முன்பே பொலிஸின் குறிப்புகளையும் வீடியோ இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அது உங்கள் உரிமை. அங்கே நீங்கள் தேடுவது தண்டக் குறைப்பை அல்ல. 4 புள்ளிக்குக் குறைந்த வேறொரு குற்றச்சாட்டுக்கு மாற்ற முடியுமா என்பதே கேள்வி. ஸ்கூல் பஸ் வழக்குகளில் அவர்கள் இலகுவில் இறங்குவதில்லை, அதனால்தான் அந்தப் படங்கள் தேவை. "தண்டத்தை 400 ஆக்குகிறோம், ஒப்புக்கொள்ளுங்கள்" என்றால், 6 புள்ளி அப்படியே இருக்கிறதா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

இணக்கம் வராவிட்டால் விசாரணைக்குப் போகலாம். ஆனால் தோற்றால் நீதிபதி முதல் குற்றத்துக்கு 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம் போடலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். லைசன்ஸும் வேலையும் சம்பந்தப்பட்டிருப்பதால் ஒரு வழக்கறிஞரையோ பரலீகலையோ (இப்படியான சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) வைப்பது நல்லது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். வெற்றி நிச்சயம் என்று சொல்பவரிடம் போக வேண்டாம்.

தீர்ப்பு வரும்வரை உங்கள் லைசன்ஸ் செல்லும், வழக்கம்போல வேலைக்கு ஓடலாம். விசாரணை கேட்டால் படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிக்க மறக்காதீர்கள். அதற்குக் கட்டணம் இல்லை.